விதைக்கு முன்னே இடம்: குருநகரில் நாம் படித்த பாடம்



இப்போது எமது நலன்புரி அலுவலகத்துக்கு வருகிற பிள்ளைகளில் பலர் ஒரே பேச்சோடு வருகிறார்கள். "சேர், மலைக்கும் போகல, கொழும்புக் கடைக்கும் போகல. ஊர்லயே சொந்தமா ஏதாவது செய்யப் போறோம்" என்கிறார்கள். ஒருவருக்குக் காளான், ஒருவருக்குக் கோழி, இன்னொருவருக்கு லீக்ஸ், கரட். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் உட்கார்ந்தவுடன் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "கடன் எங்க சேர் கிடைக்கும்?" என்பதுதான்.

அந்தக் கேள்வி நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வர வேண்டிய கேள்வி. முதலாவது கேள்வி வேறு. அதை நாமும் பிந்தித்தான் படித்தோம். அதற்குக் கொடுத்த விலையும் கொஞ்சம் அதிகம். ஆகவே இந்த இதழின் பாடத்தில் அதையே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் எமது தவறு

சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் மூன்று பையன்கள் சேர்ந்தார்கள். தேயிலை செத்து, புல் மண்டிக் காடாகிக் கிடந்த ஒரு மலைத் துண்டில் மரக்கறி போட ஆசைப்பட்டார்கள். போய்க் கேட்டபோது, "சும்மா கிடக்கிறதுதானே, போடுங்க" என்று வாயால் சொன்னார்கள். பிள்ளைகள் நம்பினார்கள். நாமும் நம்பினோம். கடனுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்ததும் நாமே.

இரண்டு போகம் நன்றாக வந்தது. மூன்றாவது போகத்தில் லீக்ஸ் விரல் பருமனுக்கு வந்திருந்த நேரம், அந்த மலை வேறு வேலைக்குத் தேவை, இத்தனை நாளில் விட்டுவிட வேண்டும் என்று அறிவித்தல் வந்தது. பொறுப்பில் இருந்தவர் மாறிவிட்டார். முன்பு சொன்ன வார்த்தைக்குச் சாட்சியும் இல்லை, காகிதமும் இல்லை. பயிர் போனது. கடன் மட்டும் நின்றது. அதில் ஒரு பையனின் அம்மா தன் தோட்டை அடகு வைத்துத் தவணை கட்டினார். அந்தத் தோடு திரும்பி வரவில்லை. அந்த அம்மா இன்றைக்கும் எம்மைக் கண்டால் மரியாதையாகத்தான் பேசுவார். எமக்குக் கஷ்டமாக இருப்பதும் அதுதான்.

இந்த நினைப்போடுதான் அண்மையில் வாலிபர் சங்கப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரோடு யாழ்ப்பாணம் போனோம். அந்த மூவரில் ஒருவரும் கூட வந்தார். மரக்கறித் தோட்டங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் திட்டம். ஆனால் பாடம் கிடைத்தது மண்ணில் அல்ல, தண்ணீரில்.

ஒரே தொழில் உள்ள ஊர்

குருநகர் யாழ்ப்பாண நகரத்தின் தெற்கு ஓரத்தில், கடல்நீரேரியை ஒட்டி இருக்கிறது. அங்குள்ளவர்கள் அந்த ஆழமில்லாத கடலைப் பரவைக்கடல் என்பார்கள். பல இடத்தில் இடுப்பளவு தண்ணீர்தான். வயல் இல்லை, தோட்டம் இல்லை. நண்டு, இறால், மீன் இவைதான் பிழைப்பு. ஊரில் இருக்கிற தொழிற்சாலையும் மீன்வலை செய்கிற தொழிற்சாலைதான். யுத்த காலத்தில் கடலுக்குப் போகத் தடை, போனால் உயிருக்குப் பயம். 1993 நவம்பர் 13 அன்று விமானக் குண்டு வீச்சில் அங்குள்ள புனித யாகப்பர் ஆலயம் இடிந்து, பலர் இறந்தார்கள். அந்த ஆலயத்தை மறுபடி எழுப்பி, மறுபடி வலை பின்னி எழும்பிய சனங்கள் அவர்கள்.

எமது தோட்டமும் ஒரே தொழில் ஊர்தான். கொழுந்து இல்லாவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. இரத்தினபுரி, இறக்குவானைப் பக்கம் உள்ள எமது உறவுகளுக்கு இன்னொரு ஒரே தொழில் தெரியும். அதுதான் மாணிக்கக் குழி. இல்லம் என்று சொல்கிற சரளை மண்ணை அள்ளிக் கழுவிக் கல் தேடுவது. கல் கிடைத்தால் பங்கு, கிடைக்காவிட்டால் சாப்பாடு மட்டும் என்று இறங்குகிற பிள்ளைகள் பலர்.

குழியிலும் சரி, கடலிலும் சரி, ஒரு விஷயம் பொது. இரண்டும் அள்ளி எடுக்கிற தொழில். அள்ளிய இடம் ஒருநாள் வெறுமையாகும். குழி தோண்டினால் மேல்மண் அடியில் போய், அடிமண் மேலே வந்துவிடும். அந்த இடத்தில் ஏதாவது நட வேண்டுமானால் முதலில் குழியை மூடி, குப்பையும் சாணமும் போட்டு மண்ணைத் தேற்ற வேண்டும். மாணிக்கக்கல் அகழ அனுமதி வாங்குகிறவர் குழியை மூடித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதும் அதனால்தான். கடலில் அடிமட்டத்தை வாரி இழுக்கிற இழுவைமடி போட்டால் குஞ்சும் பாசியும் சேர்ந்து போய்விடும். இலங்கையில் 2017 இல் சட்டம் போட்டு அதைத் தடை செய்தார்கள்.

அள்ளி எடுப்பதை விட்டு வளர்த்து எடுக்கலாமே என்று நினைக்கிற வாலிபர்கள் எல்லா ஊரிலும் வருகிறார்கள். குருநகரிலும் வந்திருக்கிறார்கள். அவர்கள் வளர்ப்பது கடலட்டை.

கடலட்டை என்றால் என்ன?

எமது பிள்ளைகள் சிரித்தார்கள். அட்டை என்றால் மழை நாளில் மலையில் காலைக் கடிக்கிற அட்டைதானே எமக்குத் தெரியும்! இது வேறு. வெள்ளரிக்காய் மாதிரி உருண்டு, கடலின் அடியில் மெதுவாக ஊர்கிற பிராணி. கடிக்காது. அடிச்சேற்றையும் மணலையும் விழுங்கி, அதில் உள்ள மக்கிய சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மணலை வெளியே விட்டுவிடும். மண்புழு தோட்டத்து மண்ணுக்குச் செய்கிற வேலையை இது கடல் மண்ணுக்குச் செய்கிறது என்று சொல்லலாம்.

எமது நாட்டில் இதைச் சாப்பிடுகிறவர்கள் இல்லை. சீனா, ஹொங்கொங், சிங்கப்பூர் போன்ற இடங்களில் நல்ல விலை. பிடித்த அட்டையின் குடலை அகற்றி, அவித்து, மேல்தோலைச் சுத்தம் செய்து, மறுபடி அவித்து, வெயிலில் காய வைப்பார்கள். காய்ந்த பிறகு, உயிரோடு இருந்த நிறையில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. முன்பெல்லாம் சுழியோடிப் பிடிப்பதுதான் வழக்கம். பிடிக்கப் பிடிக்கக் குறைந்துவிட்டது. இந்தியாவில் 2001 முதல் கடலட்டை பிடிப்பதே தடை. இலங்கையில் அனுமதிப்பத்திரத்தோடு பிடிக்கலாம், பண்ணையும் போடலாம்.

பண்ணை போடுவது பார்வைக்குச் சுலபம். ஆழமில்லாத கடலில், கடற்புல்லும் சேற்று மணலும் உள்ள இடத்தில் கம்பு நட்டு, சுற்றி வலை அடைப்பார்கள். குஞ்சு பொரிக்கும் நிலையத்திலிருந்து குஞ்சு வாங்கி விடுவார்கள். பண்ணை அட்டைக்குத் தனியாகத் தீனி வேண்டாம், சேறே தீனி. எட்டு மாதத்திலிருந்து ஒரு வருடம், சிலவேளை அதற்கு மேலும் ஆகும். அதுவரை ஒரு சதம் வருமானம் இல்லை. காவல் மட்டும் இரவு பகலாக வேண்டும். தண்ணீரின் நடுவில் கம்பு நட்டுச் சின்னக் கொட்டில் போட்டு, அதில்தான் படுக்கிறார்கள்.

மாரி மழை பெய்தால் இன்னொரு கண்டம். நிறைய நல்ல தண்ணீர் வந்து விழுந்தால் கடலின் உப்பு குறையும். கடலட்டை அதைத் தாங்காது, செத்துப்போகும். ஒரு வருட உழைப்பு ஒரு வாரத்தில் போகலாம்.

"கடலுக்கு உறுதி இருக்கோ?"

கரையில் ஒரு வயதான தொழிலாளி வலை பிரித்துக்கொண்டிருந்தார். கடலட்டைப் பண்ணையைப் பற்றிக் கேட்டோம். அவர் சொன்னது அப்படியே எமது கொப்பியில் இருக்கிறது.

"பொடியள் பிழைக்கட்டும் தம்பி, அதில எனக்குக் கோபமில்லை. ஆனா நான் வருசக் கணக்கா களங்கட்டி போட்ட இடத்தில ஒருநாள் விடியப் பார்த்தா அடைப்பு நிக்குது. ஆரிட்டப் போய்க் கேக்கிறது? அவைக்கும் காகிதம் இல்லை, எனக்கும் காகிதம் இல்லை. கடலுக்கு உறுதி இருக்கோ?"

உறுதி என்றால் காணி உறுதி. களங்கட்டி என்பது கம்பு நட்டு மீனை மடக்கிப் பிடிக்கிற வலை. சிறகுவலையும் அப்படித்தான். பெரிய படகு இல்லாத ஏழைத் தொழிலாளிக்கு ஆழமில்லாத கடல்தான் வயல். கடலட்டைக்கும் அதே ஆழமில்லாத கடல்தான் வேண்டும். பிரச்சினை அங்கேதான் பிறக்கிறது.

அவர் சொன்னது அவர் ஒருவருடைய கதை அல்ல. 2022 ஜூனில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் கடலட்டை வளர்க்கும் திட்டத்துக்கு அமைச்சரவை அனுமதி கொடுத்தது. டொலர் இல்லாமல் நாடு தவித்த நேரம் அது. ஏற்றுமதிப் பணம் வரும், வாலிபருக்குத் தொழில் வரும் என்றார்கள். அதே 2022 இல் கிளிநொச்சி மாவட்டத்துக் கிராஞ்சியில், பண்ணைகள் தங்கள் தொழிலையும் கடற்புல் நிலத்தையும் கெடுக்கின்றன என்று சிறு தொழிலாளர்கள் போராட்டம் தொடங்கினார்கள். பெண்களும் சேர்ந்து இருந்த அந்தப் போராட்டம் நூறு நாளையும் தாண்டியது. பண்ணை வேண்டும் என்ற குரலும் அதே வடக்கில் இருந்தது. ஒரே ஊரில், ஒரே உறவுக்குள், இரண்டு பக்கமாகச் சனங்கள் பிரிந்தார்கள்.

இதில் யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? இரண்டு பக்கமும் வயிற்றுப்பாடுதான். ஆனால் எமது வேலைக்கு வேண்டிய பாடம் ஒன்று இதில் இருக்கிறது.

மூன்று கூட்டம்

அன்று பின்னேரம் பண்ணை வைத்திருக்கிற ஒரு வாலிபரோடு பேசினோம். இருபத்தைந்து வயது இருக்கும். இரண்டு நண்பர்களோடு சேர்ந்து சின்னதாகப் போட்டிருக்கிறார். "உங்களோடு சண்டைக்கு யாரும் வரவில்லையா?" என்று கேட்டோம்.

"நாங்கள் முதல்ல சங்கத்திலதான் கேட்டனாங்கள்," என்றார். "மூண்டு கூட்டம் வச்சவை. ரெண்டாவது கூட்டத்தில ஏச்சும் வாங்கினனாங்கள். படகு போற வழியை விட்டு, களங்கட்டிக்காரரின்ர இடத்தையும் விட்டு, தள்ளித்தான் அடைச்சனாங்கள். பிறகுதான் காகிதத்துக்கு அலைஞ்சது. ஒரு வருசம் போட்டுது. ஆனா இண்டைக்கு வரைக்கும் எங்கட வலையை ஒருத்தரும் வெட்டேல்லை."

சங்கம் என்று அவர் சொன்னது கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தை. காகிதம் என்றது கடற்றொழில் திணைக்களம், நெக்டா என்று சொல்கிற நீருயிரின வளர்ப்பு அதிகார சபை, பிரதேச செயலகம் என்று ஒவ்வொரு இடமாக ஏறி இறங்கி வாங்குகிற அனுமதியை. அனுமதி இல்லாமல் போட்ட பண்ணைகளும் இருக்கின்றன என்ற முறைப்பாடு அங்கே நிறைய உண்டு. அப்படிப் போட்டவர் இன்று சம்பாதிக்கலாம். நாளைக்குக் கழற்றச் சொன்னால் அவர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்?

எம்மோடு வந்த அந்தப் பையன் (இப்போது பையன் அல்ல, கல்யாணமாகி ஒரு பிள்ளைக்குத் தகப்பன்) அதுவரை பேசாமல் இருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எமக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சேர், நாங்க மூணு கூட்டம் இல்ல, ஒரு கடிதம்கூடக் கேக்கலையே" என்றார். எம்மால் பதில் சொல்ல முடியவில்லை. கேட்கச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

தூர தேசத்தில் ஒரு உதாரணம்

இந்து சமுத்திரத்தின் மறு கரையில் மடகஸ்கார் தீவு இருக்கிறது. அதன் தென்மேற்குக் கரையில் வேசோ என்ற மீனவ சனங்கள் வாழ்கிறார்கள். அங்கே தாம்போலோவே என்ற கிராமத்திலும் இதே கடலட்டையை வளர்க்கிறார்கள். அங்கே பண்ணை போடுவது ஊராரே. எந்த இடத்தில் அடைப்பது, யார் எப்போது காவல் இருப்பது என்பதை ஊர் கூடித் தீர்மானிக்கிறது. அங்கும் களவு உண்டு, குஞ்சுத் தட்டுப்பாடு உண்டு. ஆனால் இடம் யாருடையது என்ற சண்டையை முதலிலேயே பேசி வைத்துக்கொண்டார்கள். பேசித் தொடங்கியது பிடித்து நிற்கிறது.

எமது தோட்டத்துக்கு வருவோம்: ஐந்து கேள்விகள்

காளானோ கோழியோ மரக்கறியோ, எதைத் தொடங்கினாலும் இந்த ஐந்தையும் இந்த வரிசையிலேயே கேளுங்கள்.

1. இடம் யாருடையது? சும்மா கிடக்கிற நிலம் என்று ஒன்று தோட்டத்தில் இல்லை. 1992 முதல் பெரும்பாலான தோட்டங்களைக் கம்பனிகள் நடத்துகின்றன. அந்த நிலமும் கம்பனிக்குக் குத்தகைதான். வாயால் கிடைத்த அனுமதி, சொன்னவர் மாறும்வரைதான். கடிதம் கேளுங்கள். அதில் எந்தத் துண்டு, எவ்வளவு நிலம், எத்தனை வருடம், என்ன பயிர், இடையில் எடுத்தால் நிற்கிற பயிருக்கு என்ன நட்டஈடு என்ற ஐந்தும் இருக்க வேண்டும். தேயிலைக்கென்று பிரித்துக் கொடுத்த துண்டாக இருந்தால், அதில் மரக்கறி போடலாமா என்று எழுத்தில் பாருங்கள். தமிழில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போட வேண்டாம். எம்மிடம் கொண்டு வாருங்கள், வாசித்துச் சொல்கிறோம்.

2. அந்த இடத்தில் வேறு யார் பிழைக்கிறார்கள்? ஒருவர் அங்கே மாட்டுக்குப் புல் அறுப்பார், இன்னொருவர் விறகு எடுப்பார். மேலே நீங்கள் மருந்து அடித்தால் கீழ் லயத்துப் பீலியில் அது வரும். அந்தத் தண்ணீரில்தான் அங்கே பால்மா கரைக்கிறார்கள். முதலில் அவர்களோடு பேசுங்கள். கோவில் மடுவத்திலோ பிள்ளை மடுவத்திலோ ஒரு கூட்டம் போடுங்கள். ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை. கூட்டத்தில் வாங்குகிற ஏச்சு, பயிர் வந்த பிறகு வருகிற பகையைவிட மலிவு.

3. யார் வாங்குவார்? கடலட்டை விலை போகாவிட்டால் வீட்டில் சமைக்கவும் முடியாது. வெளிநாட்டு விலையை நம்பித்தான் இருக்க வேண்டும். உங்கள் பொருள் அப்படியா? முட்டை, காளான், கீரை என்றால் மிஞ்சியதைப் பிள்ளைகள் சாப்பிடும். முதலில் ஊர்க் கடை, பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை, பக்கத்து நகரத்து ஹோட்டல் என்று போய்க் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை கிலோ, என்ன விலை, காசு எப்போது என்று எழுதி வாருங்கள். அதன் பிறகுதான் எவ்வளவு போடுவது என்ற கணக்கு.

4. கெட்ட காலம் எப்போது? பரவைக்கடலுக்கு மாரி மழை மாதிரி, எமக்கும் கண்டங்கள் உண்டு. நுவரெலியாப் பக்கம் தை, மாசியில் உறைபனி இலையைக் கருக்கும். அடைமழையில் சரிவு மண் கரையும், மண்மேடு சரியும். செங்குத்தான இடத்தைக் கொத்தாதீர்கள். முதல் போகத்து லாபத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்தால், கெட்ட போகத்தில் தோடு அடகுக்குப் போகாது.

5. கடன் எவ்வளவு? இப்போதுதான் இந்தக் கேள்வி. மேலே உள்ள நாலுக்கும் பதில் இருந்தால் வேண்டிய கடன் நினைத்ததைவிடக் குறைவாகவே இருக்கும். வருமானம் வருகிற மாதத்துக்கு முன் தவணை தொடங்குகிற கடனை எடுக்காதீர்கள்.

சின்ன இடத்தில் சின்னக் கணக்கு

"எங்களுக்கு ஏது சேர் காணி?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனாலும் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வீடு கிடைத்தவர்களுக்கு ஏழு பேர்ச் உண்டு. ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. ஏழு பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி. வீட்டுக்கு 550 போனால் 1,350 மிச்சம். வாசல், வழி, கழிவறை எல்லாம் போக 800 சதுர அடி கைக்கு வரும் என்று வையுங்கள். அதில் கரட் போட்டுப் பணக்காரர் ஆக முடியாது. ஆனால் 10 அடிக்கு 12 அடியில் ஒரு காளான் கொட்டில், ஒரு கோழிக் கூடு, நாற்று மேடை இரண்டு வைக்கலாம். காளானுக்கு வெயில் வேண்டாம், நிலம் வேண்டாம். மரத்தூள் பையும், ஈரமும், சுத்தமும் போதும். லயத்தில் இருக்கிறவர்கள் இதற்கும் இடம் பற்றிய முதல் கேள்வியில் இருந்துதான் தொடங்க வேண்டும். காணி உறுதி கையில் வராதவர்கள் அதைக் கேட்டு எழுதுவதை நிறுத்தக் கூடாது.

எம்மோடு குருநகர் வந்தவர் இப்போது தன் வீட்டுக் காணியில் அப்படி ஒரு கொட்டில் போட்டிருக்கிறார். நூறு பைகளோடு தொடங்கினார். கடன் எடுக்கவில்லை. முதலில் மூன்று கடைகளில் கேட்டு எழுதி வந்து, கொப்பியை எமக்குக் காட்டிவிட்டுத்தான் தொடங்கினார். அவருடைய அம்மாவின் தோடு இன்னும் வரவில்லை. அந்தக் கணக்கு எமது பேரிலும் இருக்கிறது என்பதை மறக்கவில்லை.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது தண்ணீருக்கு மட்டும் அல்ல. நிலத்துக்கும் சேர்த்துத்தான்.

வாசித்த பிறகு பேசிப் பார்க்க:

அ. உங்கள் தோட்டத்தில் சும்மா கிடக்கிறது என்று நீங்கள் நினைக்கிற ஒரு துண்டைச் சொல்லுங்கள். அதை இப்போது யார், எதற்குப் பாவிக்கிறார்கள்?

ஆ. உங்கள் வீட்டுக்கோ பயிருக்கோ கையில் என்ன காகிதம் இருக்கிறது? அதில் யாருடைய கையெழுத்து இருக்கிறது? வீட்டில் எல்லாருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியுமா?

இ. குருநகர் வாலிபர் இரண்டாவது கூட்டத்தில் ஏச்சு வாங்கியும் ஏன் மூன்றாவது கூட்டத்துக்குப் போனார்?

உங்கள் பதில்களை வாலிபர் சங்கத்திலும் மாதர் சங்கத்திலும் பேசுங்கள். தொடங்க நினைக்கிறவர்கள் ஐந்து கேள்விகளுக்கும் பதிலை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். இனி எமது கையெழுத்து, அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகுதான்.